முறைகேடு பதிவேட்டில், கேமரா படுக்கையறையில்

தபாலில் படித்த பட்டம் என்றாலே உதட்டைப் பிதுக்கும் பழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. பரீட்சை எழுதியது யாரோ, பட்டம் வாங்கியது யாரோ என்ற சந்தேகம்தான் அதற்குக் காரணம். இணையவழிப் படிப்புகள் பெருகிய பிறகு இந்தச் சந்தேகத்துக்கு மருந்து கிடைத்துவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள். மாணவர் ஆதாரோடு பதிவு செய்யட்டும். உள்ளே நுழையும்போதெல்லாம் முகத்தைக் காட்டட்டும். தேர்வு நேரம் முழுக்க கேமராவும் மைக்கும் ஓடட்டும். கண் எந்தப் பக்கம் போகிறது என்று செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளட்டும். ஆள்மாறாட்டம் ஒழியும், பட்டத்தின் மதிப்பு உயரும் என்கிறார்கள். அந்தரங்கம் என்னாவது என்று கேட்டால், மடியில் கனமில்லாதவருக்கு வழியில் என்ன பயம் என்று வாயை அடைக்கிறார்கள். கல்வித்துறை அதிகாரிகளும் சொல்கிறார்கள், மென்பொருள் விற்பவர்களும் சொல்கிறார்கள், நேர்மையாகப் படித்தும் தன் பட்டத்துக்கு மரியாதை இல்லையே என்று நொந்துபோன மாணவர்களும் சொல்கிறார்கள். அதனால் இது எதிர்வாதமே இல்லாத உண்மைபோல் உலவுகிறது. ஆனால், முறைகேடு எந்த இடத்தில் நடக்கிறது என்பதை இந்த வாதம் தப்பாகக் கணித்திருக்கிறது. ஆளை அடையாளம் காண்பதும் ஆளைக் கண்காணிப்பதும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

தொலைநிலைப் பட்டத்தின் பெயரைக் கெடுத்தது யார் என்று முதலில் பார்ப்போம். 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் மீது தீர்ப்புச் சொன்னது. அவற்றில் ஒன்று சேலத்தில் இருப்பது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் (ஏஐசிடிஇ) நடத்தும் தேர்வில் தேறினால்தான் அவை மீளும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. அந்த வழக்கில் ஆள்மாறாட்டம் பிரச்சினையாக இருக்கவில்லை. மாணவர்கள் அசல் ஆட்கள். உரிய அனுமதி வாங்காமல் படிப்பை நடத்தியவை பல்கலைக்கழகங்கள். 2022 மார்ச்சில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15க்குப் பிறகு தன் அங்கீகாரம் இல்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) பகிரங்க அறிவிப்பு வெளியிட்டது. அங்கேயும் சிக்கல் நிறுவனத்துக்கும் யுஜிசிக்கும் இடையில்தான். இடையில் மாட்டிக்கொண்டவர்கள் மாணவர்கள். அவர்களுடைய முகத்தை நாளுக்கு நூறு முறை ஸ்கேன் செய்திருந்தாலும் இந்த இரண்டில் எதுவும் நடக்காமல் நின்றிருக்காது.

அதே 2022இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வெளியான விவகாரம் இன்னும் நேரடியான பாடம். பல ஆண்டுகளாக அரியர் வைத்திருந்த பழைய மாணவர்களுக்குத் தேர்வை முடிக்க மறுபடியும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். பெருந்தொற்றுக் காலம் என்பதால் தேர்வு இணையவழியில் நடந்தது. அந்த இடைவெளியில், தொலைதூரக் கல்வி நிறுவனத்தில் எந்தக் காலத்திலும் சேராத நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பழைய மாணவர்கள் என்ற பெயரில் தேர்வெழுதியது பின்னர் தெரியவந்தது. பட்டச் சான்றிதழ் கொடுக்கும் கட்டத்தில் ஆவணங்களைச் சரிபார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. இந்த மோசடியில் முகச் சரிபார்ப்பு என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விண்ணப்பத்தில் இருப்பது யாருடைய படமோ அவரே கேமராவின் முன்னால் உட்கார்ந்திருப்பார். கணினி பச்சை விளக்கு காட்டியிருக்கும். மோசடி நடந்தது பதிவெண் உருவாகிற மேசையில். அதைப் பிடித்தது பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்த வேலை. இதில் இருக்கிற முரண் யாருக்கும் உறைப்பதாகத் தெரியவில்லை. அலுவலகத்துக்குள் நடந்த தில்லுமுல்லுக்குத் தீர்வு என்று சொல்லி மாணவர் வீட்டில் கேமரா வைக்கச் சொல்கிறோம்.

ஆள்மாறாட்டமே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. 2019இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் பிடிபட்ட நீட் ஆள்மாறாட்டத்தைத் தமிழகம் மறக்கவில்லை. ஆனால் அது எப்படிப் பிடிபட்டது? மின்னஞ்சலில் புகார் வந்தது. ஆவணத்தில் இருந்த படத்தையும் வகுப்பில் இருந்த மாணவரையும் மனிதக் கண்கள் ஒப்பிட்டுப் பார்த்தன. இதற்கு நேர்மாறான கதை 2021 ஜேஇஇ மெயின் தேர்வில் நடந்தது. ஹரியானாவின் சோனிபட்டில் ஒரு தேர்வு மையத்துக் கணினிகளை வெளியிலிருந்தே இயக்கி வினாக்களுக்கு விடையளித்தார்கள் என்பது சிபிஐயின் குற்றச்சாட்டு. இதில் தொடர்புடையவர் என்று ரஷ்யர் ஒருவரை 2022 அக்டோபரில் டில்லி விமான நிலையத்தில் பிடித்தார்கள். குற்றச்சாட்டின்படி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அசல் தேர்வர்; சரிபார்ப்பில் ஒரு குறையும் இல்லை. விடை எழுதியவர்தான் வேறு. முகம் சரியாக இருக்கிறது என்பதற்கும் விடை அவருடையது என்பதற்கும் உள்ள தூரத்தை எந்தக் கேமராவும் கடக்கவில்லை. தொலைநிலைக் கல்வியில் இந்தத் தூரம் இன்னும் அதிகம். தயாராக எழுதிவைத்த அசைன்மெண்டுகள் வெளிப்படையாக விற்பனையாகின்றன. வாங்கியதைத் தன் கடவுச்சொல்லால் நுழைந்து, தன் முகத்தையே காட்டி, தன் கையாலேயே ஒருவர் பதிவேற்றலாம்.

கேமரா குற்றவாளியைப் பிடிக்காவிட்டாலும் பயமுறுத்தித் தடுக்கும் என்பது அடுத்த வாதம். பயம் நிலைக்க வேண்டுமானால் மென்பொருள் பிடிக்கவாவது வேண்டும். பிடிக்கிறதா என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் ட்வெண்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில் 30 மாணவர்கள் பங்கேற்றார்கள். ஆறு பேரைக் காப்பியடிக்கச் சொல்லி, புரோக்டோரியோ என்ற கண்காணிப்பு மென்பொருளின் முன் தேர்வெழுத வைத்தார்கள். அந்த ஆறு பேரில் ஒருவரைக்கூட மென்பொருள் சந்தேகப்படவில்லை. முப்பது பேர் சிறிய எண்ணிக்கை என்பது உண்மைதான். ஆனால் ஆறில் பூச்சியம் என்பது கடந்துபோகக்கூடிய முடிவும் அல்ல. முக ஒப்பீட்டின் நிலையும் பெருமைப்படும்படி இல்லை. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, பல அல்காரிதங்கள் ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளி முகங்களைப் பார்க்கும்போது வேறொருவரை அசல் ஆள் என்று தவறாக ஏற்றுக்கொள்ளும் விகிதம் வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகம் என்றது. அதாவது, எந்தத் தவறு ஆள்மாறாட்டக்காரருக்குச் சாதகமோ அதுவே நம்மைப் போன்ற முகங்களில் கூடுதலாக நடக்கிறது.

நம் ஊரிலேயே இந்தச் சோதனை பெரிய அளவில் நடந்துவிட்டது. அண்ணா பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரியில் பருவத் தேர்வைச் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்போடு இணையவழியில் நடத்தியது. ஏப்ரலில் முடிவு வந்தபோது பெரும் எண்ணிக்கையில் மாணவர்கள் தோற்றிருந்தார்கள். பலருடைய முடிவு நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சத்தத்தையும் இணைய இணைப்பு அறுந்துபோனதையும் முறைகேடாகக் கணக்கிட்டுவிட்டதாக மாணவர்கள் புகார் சொன்னார்கள். மே மாதம் புதிதாகப் பொறுப்பேற்ற உயர்கல்வி அமைச்சர் பொன்முடி, கட்டணம் இல்லாமல் மறுதேர்வு என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்த முடிவு சரியா, தவறா என்பது தனி விவாதம். பட்டத்தின் மதிப்பைக் காக்க வந்த ஏற்பாடு, மதிப்பெண்ணின் மீதே ஊருக்கு நம்பிக்கை இல்லாமல் செய்துவிட்டது என்பது மட்டும் மிச்சம்.

சரிபார்ப்பு வேண்டும் என்றால் அந்தரங்கத்தை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்கிற நினைப்புக்கு மறுப்பு நம் தேர்வு மையங்களிலேயே இருக்கிறது. தேர்வு அறைக்குள் நுழையும்போது ஹால் டிக்கெட்டில் உள்ள படத்தையும் முகத்தையும் அறைக் கண்காணிப்பாளர் பார்க்கிறார்; வருகைத்தாளில் கையெழுத்து வாங்குகிறார். ஒரு நிமிடம்கூட ஆகாது. தேர்வு முடிந்து விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போவதற்குள், பதிவெண் இருக்கும் முகப்புப் பகுதி நீக்கப்பட்டு டம்மி நம்பர் ஏறிவிடுகிறது. திருத்துபவருக்கு அது யாருடைய தாள், எந்த ஊர், ஆணா பெண்ணா என்று எதுவும் தெரியாது. பெயரிலிருந்து மதத்தையும் ஊரிலிருந்து சாதியையும் ஊகித்துவிடும் நாடு இது என்று தெரிந்தவர்கள் செய்துவைத்த ஏற்பாடு அது. வாசலில் அடையாளம் முழுதாகத் தெரிய வேண்டும், திருத்தும் மேசையில் துளியும் தெரியக் கூடாது. எந்த இடத்தில் யாருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்று கணக்குப் பார்ப்பதுதான் அந்தரங்கப் பாதுகாப்பு. கணினி வருவதற்கு முன்பே நம் தேர்வுத்துறை குமாஸ்தாக்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

வீட்டுக் கேமரா இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. தேர்வு தொடங்கும் முன் லேப்டாப்பைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வது இவ்வகை மென்பொருள்களின் வழக்கம். நம் வீடுகளில் சுவரைக் காட்டினால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். மாட்டியிருக்கும் சாமி படம், தலைவர் படம், மாலை போட்ட தாத்தாவின் படம், கொடியில் காயும் துணி, அலமாரியில் மாத்திரை அட்டைகள், ஓரத்தில் பாயில் படுத்திருக்கும் மாமியார். அந்த மாமியார் பல்கலைக்கழகத்தில் சேரவில்லை. எந்தப் படிவத்திலும் கையெழுத்திடவில்லை. தொலைநிலைக் கல்வியில் சேர்கிறவர்கள் யார் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் 2020-21 உயர்கல்விக் கணக்கெடுப்பில் தொலைநிலைச் சேர்க்கை 45.71 லட்சம், அதில் பெண்கள் 20.9 லட்சம். கல்யாணத்தால் படிப்பு நின்றவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், ஒரே அறையில் நான்கைந்து பேரோடு வாழ்பவர்கள் இந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். தனி அறையும் கதவும் உள்ளவருக்குக் கேமரா ஒரு சிறிய தொந்தரவு. கதவில்லாதவருக்கு, குடும்பத்தையே மூன்று மணி நேரம் வெளியே அனுப்ப வேண்டிய சோதனை.

நம்மவர்கள் இந்த விஷயத்தில் அமெரிக்காவை அடிக்கடி உதாரணம் காட்டுகிறார்கள். காட்டட்டும், ஆனால் முழுதாகக் காட்டட்டும். அங்கே 2008இல் வந்த உயர்கல்வி வாய்ப்புச் சட்டம், தொலைநிலையில் பதிவு செய்தவரும் படித்து மதிப்பெண் பெறுபவரும் ஒருவரே என்று உறுதிசெய்யும் முறை கல்வி நிலையத்திடம் இருக்க வேண்டும் என்றது. அதைச் செயல்படுத்த வந்த விதி, பாதுகாப்பான கடவுச்சொல்லையும் நேரடி மேற்பார்வையில் தேர்வையும் ஏற்கத்தக்க வழிகளாகக் குறிப்பிட்டது. அதே விதி, அந்த முறை மாணவரின் அந்தரங்கத்தைக் காப்பதாக இருக்க வேண்டும், சரிபார்ப்புக்குக் கூடுதல் கட்டணம் உண்டென்றால் சேரும்போதே சொல்லிவிட வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்ன வழக்கத்தை 2022 ஆகஸ்டில் ஒஹையோவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, காரணமற்ற சோதனையிலிருந்து குடிமக்களைக் காக்கும் அரசியல் சாசனப் பிரிவுக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தொடுத்த வழக்கு அது. சர்ச்சைக்குரிய அந்தச் சோதனை ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. ஒரு நிமிடமானாலும் அது வீடு என்றது நீதிமன்றம். இத்தாலியில் போக்கோனி பல்கலைக்கழகத்துக்கு இதே வகை மென்பொருளுக்காகத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் 2 லட்சம் யூரோ அபராதம் போட்டது. சேகரித்து வைத்த தரவு பத்திரமாக இருக்கும் என்ற உறுதிமொழிக்கும் பதில் இருக்கிறது: 2020இல் புரோக்டர்யு என்ற தேர்வுக் கண்காணிப்பு நிறுவனத்திலிருந்து சுமார் 4,44,000 பயனாளர்களின் விவரங்கள் வெளியே கசிந்தன. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். முகத்துக்கு அந்த வசதி இல்லை.

இந்திய விதிகளில் சரிபார்ப்பு மட்டும் உரக்கப் பேசுகிறது. யுஜிசியின் 2020 விதிமுறைகள் இந்திய மாணவருக்கு ஆதார் அல்லது அரசு அங்கீகரித்த வேறு அடையாளம் என்கின்றன, வெளிநாட்டவருக்குக் கடவுச்சீட்டு. அந்த ‘அல்லது’ நடைமுறைக்கு வரும்போது சேர்க்கைப் படிவங்களில் எளிதாகக் காணாமல் போய்விடுகிறது. 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பில் சிபிஎஸ்இ, நீட், ஜேஇஇ ஆகியவற்றோடு யுஜிசியின் பெயரையும் சேர்த்தே சொல்லி, ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். ஆதார்தான் கொடுக்க விரும்புகிறேன் என்பவருக்கும் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு நகல் உண்டு. சேர்க்கைக்கு அது போதாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

வங்கிக்கு வீடியோவில் முகம் காட்டுகிறோமே, பல்கலைக்கழகத்துக்கு மட்டும் என்ன வலிக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அனுமதித்த அந்த முறையில் எதிர்முனையில் வங்கி அதிகாரி ஒருவர் நேரலையில் இருக்க வேண்டும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் பணம் எடுக்கும்போதெல்லாம் வங்கி உங்கள் கூடத்தைப் படம்பிடிப்பதில்லை. இதே அளவுக்குப் பல்கலைக்கழகம் சேர்க்கையின்போது ஒரு முறை கேட்டால் யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. மாணவர் சம்மதம் கொடுத்துத்தானே சேர்கிறார் என்பதும் நிற்காது. கட்டணம் கட்டி, இரண்டு ஆண்டு படித்து, தேர்வுக்கு முந்தைய நாள் திரையில் வரும் நிபந்தனையை ஏற்காவிட்டால் பட்டம் இல்லை என்றால், அதற்குப் பெயர் நிர்ப்பந்தம்.

சரி, வேறு வழி என்ன? வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, சென்னையிலேயே இருக்கிறது. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பில் பாடமும் வாராந்திரப் பயிற்சியும் இணையத்தில். முக்கியத் தேர்வுகளை மாணவர் நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். ஐஐடிகளின் இணையப் பாடத் திட்டமான என்பிடெலின் சான்றிதழும் அப்படித்தான்: இணையப் பயிற்சிகளுக்கு 25 சதவீதம், அடையாள அட்டையோடு மையத்தில் எழுதும் தேர்வுக்கு 75 சதவீதம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவும் பொதுவாக 30 சதவீதத்தை அசைன்மெண்டுக்கும் 70 சதவீதத்தை மையத்தில் எழுதும் தேர்வுக்கும் கொடுக்கிறது. இந்தப் பட்டங்களை வீட்டுக் கேமரா இல்லாததால் யாரும் சந்தேகப்படுவதில்லை. மிச்சமிருப்பது விலைக்கு வாங்கிய அசைன்மெண்ட். அதற்குப் பத்து நிமிட வாய்மொழித் தேர்வு போதும். இந்தப் பத்தியில் ஏன் இப்படி எழுதினாய், இந்தக் கணக்கை எப்படிப் போட்டாய் என்று ஆசிரியர் இரண்டு கேள்வி கேட்டால், எழுதியவர் யார் என்பது வெளிச்சமாகிவிடும். விடையின் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்கும் ஒரே கருவி அதுதான். முகமே தெரியாவிட்டாலும் அது வேலை செய்யும்.

எல்லாராலும் மையத்துக்கு வர முடியுமா என்ற கேள்வி நியாயமானது. படுக்கையில் இருப்பவர், பிரசவ மாதத்தில் இருப்பவர், மையமே இல்லாத வெளிநாட்டில் வேலை செய்பவர் இருக்கிறார்கள். இவர்களுக்கு மனிதர் ஒருவர் நேரலையில் மேற்பார்க்கும் தேர்வை, பதிவு செய்யாமலோ, பதிவை முடிவு வந்ததும் அழித்துவிடும் நிபந்தனையோடோ நடத்தலாம். அவர்களே கேட்டால் மட்டும். இக்னோ சிறைகளுக்குள்ளேயே படிப்பு மையம் வைத்திருக்கிறது. கைதிக்கே மையத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க முடிகிற நாட்டில், வட்டத் தலைநகர் தோறும் ஒரு அரசுக் கல்லூரியின் இரண்டு வகுப்பறையை ஞாயிற்றுக்கிழமை திறந்துவைக்க முடியாது என்பதை நம்புவது கடினம். செலவு ஆகும்தான். கண்காணிப்பு மென்பொருளும் இனாமாக வருவதில்லை. அந்தப் பணம் எந்த நிறுவனத்துக்கோ போகிறது. மையத்துக்குச் செலவிட்டால் உள்ளூர் ஆசிரியர்களுக்கு மேற்பார்வைப் படியாகவாவது போகும்.

2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. தரவைச் சேகரிப்பவர்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை பல்கலைக்கழகங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. என்ன கேட்கிறோம், எதற்குக் கேட்கிறோம், யாரிடம் கொடுக்கிறோம், எப்போது அழிப்போம், அதற்கு எவ்வளவு கட்டணம் என்பதைச் சேர்க்கைக் கையேட்டின் முதல் பக்கத்தில் தமிழில் அச்சிடட்டும். தங்கள் சேர்க்கைப் பதிவேட்டை ஆண்டுதோறும் வெளித் தணிக்கைக்கு உட்படுத்தி அறிக்கையை வெளியிடட்டும். இந்தப் பருவத்தில் தொலைநிலைப் படிப்பில் சேரப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். பதில் தராத இடத்தில் சேராதீர்கள்.